முந்தி வந்த பெட்டி

ஐஸ் பெட்டி வந்துவிட்டது.

பிணத்தைத்தான் காணோம்.

மர்பி டவுனின் குறுகலான தெருவில், நாராயணசாமியின் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது கட்சியின் வேன். டிரைவர் ஹரிஷ் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, துக்க வீட்டுக்குரிய தாழ்ந்த குரலில் கேட்டான்.

"எங்க வைக்கணும், பெரியவரே?"

"யாருக்குப்பா?"

"உமேஷ் அண்ணனுக்கு..."

உமேஷ் அவருடைய ஒரே மகன். சற்று முன்புதான் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தான்.

நாராயணசாமி போனை எடுத்து மகனை அழைத்தார். உமேஷே பேசினான்.

"நீ செத்துட்டியாம். பெட்டி வந்திருக்கு."

மறுமுனையில் சிரிப்பு.

"வீடு மாறி வந்திருப்பான்பா. திருப்பி அனுப்பிடுங்க. ஒருத்தரு ஏரிக்கிட்ட வரச் சொன்னாரு. வழியில முத்தம்மா அக்கா பிடிச்சிக்கிச்சு... தண்ணி லாரி வரலையாம். அதான் லேட்டு. இப்பதான் போறேன்."

"விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகனிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

பெட்டி திரும்பிப் போனது. ஒரு மணி நேரத்துக்குள் போன் அடித்தது.

போலீஸ்.

அல்சூர் ஏரியின் படிக்கட்டில் உமேஷ் கிடந்தான். பின்னந்தலையில் பலத்த அடி. உயிர் இல்லை.

நாராயணசாமி தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்சியிடமும் ஒரு காலண்டர்கூட வாங்காத மனிதர். அந்த வீட்டில் பிறந்த உமேஷ், தெருத்தெருவாய் அலைந்து கட்சி வேலை பார்த்தான். மகள் வீணாவின் கணவர் கிரணோ, எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, அதே கட்சிக்குத் தேர்தல் வியூகம் வகுப்பவராக மாறியிருந்தார்.

போன தேர்தலில் மர்பி டவுன் கட்சியைக் கைவிட்டது. கை நழுவிய ஓட்டைத் திரும்பப் பிடிக்க வீடுவீடாக சர்வே எடுத்தவர் கிரண். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் ஒருநாள் சொன்னது நாராயணசாமிக்கு மறக்கவில்லை.

"ரோடு போட்டவனை ஜனங்க மறந்துடுவாங்க, மாமா. சாவுக்கு வந்தவனை மறக்க மாட்டாங்க."

அப்படிப் பிறந்ததுதான் ஐஸ் பெட்டித் திட்டம். தெருவில் யார் இறந்தாலும், சொந்தக்காரர்கள் வருமுன்னே கட்சியின் பெட்டி வந்து நிற்கும். பின்னாலேயே ஷாமியானா, நாற்காலி, டீ. சாவுச் செய்தியைச் சொல்லிப் பெட்டியை வரவழைப்பது எப்போதும் உமேஷ்தான். ஓட்டு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆனால் ஜனங்கள் நன்றி சொன்னது கட்சிக்கு அல்ல... உமேஷுக்கு.

போன வாரம்தான் அவன் கட்சியை விட்டு விலகி, சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தான். எதிர்க்கட்சி வேட்பாளர் ஷ்ரேயாஸ் அவனிடம் நடுத்தெருவில் சண்டை பிடித்ததைத் தெருவே பார்த்தது.

பிணவறை வாசலில் கிரண் ஓடி வந்து மாமனாரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன.

"ஷ்ரேயாஸ் ஆளுங்கதான், மாமா. ஏரியில பாத்தவங்க எனக்குத்தான் முதல்ல போன் பண்ணாங்க. விஷயம் தெரிஞ்ச உடனே பெட்டியை அனுப்பிட்டேன். நம்ம வீட்டுக்கு நான் லேட்டா அனுப்புவேனா?"

நாராயணசாமி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கைகளை விடுவித்துக்கொண்டார்.

"நல்லது, மாப்பிள்ளை."

கிரண் தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டார். உடல்மேல் கட்சிக் கொடி போர்த்த வேண்டும். அஞ்சலிக் கூட்டத்தில் மாமா இரண்டு வார்த்தை பேச வேண்டும். என் பிள்ளையைக் கொன்றவர்களுக்கு ஓட்டால் பதில் சொல்லுங்கள் என்றால் போதும்.

உறவுக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். காலண்டர் வாங்காத மனிதர்... கொடியா வாங்குவார்?

"பேசறேன்" என்றார் நாராயணசாமி.

மாலையில் பெட்டி மறுபடியும் வந்தது. அதே பெட்டி, அதே டிரைவர். இந்தத் தடவை விலாசத்தில் குழப்பம் இல்லை.

ஹரிஷை ஓரமாக அழைத்து நாராயணசாமி ஏதோ கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். அதன்பின் அவர், வழக்கை விசாரிக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன்காரரான இன்ஸ்பெக்டர் டொமினிக்கிடம் சற்று நேரம் பேசினார். வேறு யாரிடமும் பேசவில்லை.

மகன் கண்ணாடிக்குள் படுத்திருந்தான். காலையில் போட்டுக்கொண்டு போன சட்டை உடம்பில் இல்லை. அவர் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பனி மறுபடி படர்ந்தது. மறுபடி துடைத்தார்.

பக்கத்தில் வந்து நின்ற வீணாவிடம், மகள் மட்டும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னார். அவள் கை தானாகக் கழுத்துத் தாலியைப் பற்றியது.

"அந்த மாப்பிள்ளையைத் தேடிக் கொண்டுவந்தது நான்தாம்மா. நீ வேணாம்னா இப்பவே நிறுத்திடறேன்."

வீணா பெட்டிக்குள் கிடந்த தம்பியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பேசுங்கப்பா."

தெரு கொள்ளாத கூட்டம். கொடிகள், கேமராக்கள். கிரண் மைக்கைச் சரி செய்து மாமனாரிடம் கொடுத்தார்.

நாராயணசாமி நிமிர்ந்து நின்றார்.

"காலையில இந்தப் பெட்டி என் வாசலுக்கு வந்துச்சு. அப்ப நான் என் பையனுக்குப் போன் பண்ணேன். சிரிச்சுப் பேசினான்."

கூட்டம் புரியாமல் பார்த்தது. கிரண் மட்டும் புரிந்துகொண்டார்.

"மாமா துக்கத்துல ஏதோ..." என்று மைக்கை வாங்கக் கை நீட்டினார். மைக் வரவில்லை.

"ஹரிஷ், பெட்டிக்குச் சொன்னது யாருப்பா?"

"கிரண் சார்தான்... இத்தனை மணிக்குப் போய் நிக்கணும்னு நேத்து ராத்திரியே சொன்னாரு. காலையில வந்தது யாருக்கும் தெரிய வேணாம்னு மத்தியானம் சொன்னாரு."

கிரண் அவர் காதருகே குனிந்தார்.

"மாமா... நம்ம குடும்ப மானம்."

"அதுக்காகத்தான் பேசறேன், மாப்பிள்ளை. என் பையன் உயிரோட இருந்தா உங்க ஓட்டைப் பிரிப்பான். செத்தா ஓட்டைச் சேர்த்துக் கொடுப்பான். கணக்கு சரிதான். ஆனா அவன் வழியில ஒரு பொம்பளை தண்ணி கேட்டா நின்னு பதில் சொல்லிட்டுத்தான் போவான்னு உங்க சர்வேயில வரல."

டொமினிக் கிரணின் தோளில் கை வைத்தார். ஏரிக்கு வரச் சொன்ன அழைப்பு எந்த போனிலிருந்து போனது என்பதை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.

நாராயணசாமி மகன்மேலிருந்த கொடியை எடுத்தார். மூலைக்கு மூலை சேர்த்து ஒழுங்காக மடித்தார். கிரணின் கையில் வைத்தார்.

"எங்க வீட்டுல யார்கிட்டயும் எதுவும் வாங்கற பழக்கமில்ல."

ஜீப் கிளம்பியபோதுதான் அவர் உடைந்து உட்கார்ந்தார். வீணா அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

கூட்டத்தின் ஓரத்தில் காலிக் குடத்தோடு நின்றிருந்த முத்தம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற ஜீப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணி லாரி ஒருநாளாச்சும் நேரத்துக்கு வந்திருக்கா? பெட்டி மட்டும் பாரு... ஆளு சாகறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."