மூன்றாவது வாய்

போன மாதம் நூலகர் அவிழ்த்துவிட்ட புளுகுக்கு இன்று ஒரு சாட்சி வந்திருந்தாள்.

நூலகத்து மாடி அறையில், கடலைப் பார்த்த ஜன்னலோரம், நனைந்த குடையை மடியில் வைத்தபடி அந்தக் கிழவி உட்கார்ந்திருந்தாள். சீசன் முடிந்துபோன ஊர். கீழே கடற்கரைச் சாலையில் ஓட்டல்களெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. மழைக்காற்றில் எங்கோ ஒரு விளம்பரத் தகரம் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்க உப்பும் பழைய காகிதமும் கலந்த வாடை.

"ராட்டினக்காரர் பொண்ணுதானே தம்பி? ஏன் தெரியாது? முன்பல்லு பாதி உடைஞ்சிருக்கும். ஓயாம பேசும்" என்றாள் கிழவி.

 உடைந்த பல்லைப் பற்றி நூலகர் யாரிடமும் சொன்னதில்லை. கதை சொன்னது போன மாதம். அவர் மகளுக்குப் பல் உடைந்தது போன வாரம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அந்த அறையில் ஊர் வரலாற்றுக் குழு கூடும். இந்த உல்லாச ஊர் செழித்திருந்த காலத்துக் கதைகளை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். சோடாவில் குளித்த நடிகை, சூதாட்டத்தில் தன் ஓட்டலையே தோற்ற முதலாளி, கடலுக்குள் நடந்துபோய்த் திரும்ப மறுத்த சர்க்கஸ் யானை. தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். புதுக் கதையைப் பேரேட்டில் பென்சிலால் எழுதுவார்கள். சொன்னவர் வாய் ஒன்று, சாட்சிகளின் வாய் இரண்டு, ஆக மூன்று வாய் சேர்ந்தால் அதன்மேல் மை ஏற்றுவார்கள். மை ஏறிவிட்டால் அது வரலாறு.

நூலகர் மாற்றலில் வந்தவர். நாலு வருஷமாக அவரிடம் ஒரு கதையும் இல்லை. "சார் காதை மட்டும்தான் கொண்டு வருவார்" என்று தபால்காரர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கதையில், கடலுக்குள் நீண்டு இப்போது தூண்கள் மட்டும் நிற்கிற பழைய மரப்பாலத்தில் ஒரு ராட்டினத்தைச் சுழலவிட்டார். ராட்டினக்காரனுக்கு எட்டு வயதில் ஒரு மகளைக் கொடுத்தார். சீசன் முடிந்த ஒரு நாள் அவளைப் பாலத்தின் கடைசிவரை தனியாக நடக்கவிட்டு, அவள் திரும்பவில்லை என்று முடித்தார். கண் காது மூக்கு வைத்துச் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் தன் வீட்டு வாயாடி மகளின் கண்ணையும் காதையும் மூக்கையும் எடுத்து வைத்துவிட்டார். சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

கதை சொன்ன அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளை வெகுநேரம் பார்த்தாள். மறந்துபோன பெயரை யோசிப்பவள்போலப் பார்த்தாள். பிறகு "அட, ஆமா" என்று எழுந்து போனாள். தரையில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள் இருந்தன.

"அப்பா, காதுக்குள்ள தண்ணிச் சத்தம் கேட்டுட்டே இருக்குப்பா" என்றாள் வாயாடி.

மறுநாள் காலையிலேயே நூலகர் தபால்காரரின் வீட்டுக்கு ஓடினார். வெட்கத்தை விட்டுச் சொன்னார், அது தான் கட்டிய கதை, அழித்துவிடுங்கள் என்று. தபால்காரர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"இங்க யார் சார் கட்டலை? அந்த யானை நான் கட்டினது. மை போட்ட மறுவாரம் மணல்ல எலும்பு கிடைச்சுது." சட்டையை உதறி மாட்டிக்கொண்டார். "பொய்தான்னு கூட்டத்துல நிரூபிங்க. அழிச்சிடறேன்."

அந்த ஒரு மாதம் நூலகர் மகளின் கையை விடவில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை; எழுத்தர் தேடித்தேடிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். வீட்டில் மாட்டியிருந்த படத்தில் அவரும் மனைவியும் மட்டும், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, நின்றிருந்தார்கள். அவளுடைய தலையணையை எத்தனை முறை காயப்போட்டாலும் காலையில் பிழிந்தால் சொட்டியது. பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள். அதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

இன்று முதல் சனிக்கிழமை. அதே மழை. அவளைத் தூக்கிவந்து பேரேட்டுக்கு எதிரே உட்காரவைத்தார்.

"இவளைப் பார்த்துத்தான் கட்டினேன். என் பொண்ணு. இதோ இருக்கா, பாருங்க."

 கிழவி குடையைத் தடவிக்கொண்டிருந்தாள். தபால்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நீயே சொல்லும்மா. என்ன நடந்தது?"

நூலகர் வாயைத் திறப்பதற்குள் வாயாடி ஆரம்பித்துவிட்டாள்.

"பாலத்துக் கடைசியில ஒரு பலகை இல்ல. அப்பா ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுட்டிருந்தாரு. நான் கூப்பிட்டேன். அவருக்குக் கேக்கல..."

தபால்காரர் பென்சிலை வைத்தார். பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் நூலகருக்கு உறைத்தது. சாட்சி தேடி அலைந்தவர்கள் அவர்கள் இல்லை. மூன்றாவது வாயைத் தூக்கிவந்தது அவர்தான்.

"பேசாதே. கண்ணு, பேசாதே."

சொன்னால் என்றைக்கு அவள் நிறுத்தியிருக்கிறாள்? அவள் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் சில்லென்று தண்ணீர் வழிந்தது. உப்பு. கையை எடுத்தார். அவளைத் தூக்கப் பார்த்தார். கனத்தாள். நாற்காலியோடு கனத்தாள். பெயர் சொல்லிக் கத்த நினைத்தார். பெயர் வரவில்லை.

பேனா கீறும் சத்தம். மழை. தகரம்.

அவர் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன. ஊறின. தோல் சுருங்கிற்று. அவர் விடவில்லை. எல்லாரும் பேரேட்டின்மேல் தலை குனிந்திருந்தார்கள். அவரை நிமிர்ந்து பார்த்தபடி, உடைந்த பல்லின் இடுக்கில் கடல் வழிய வழிய, அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.