பதிலிகள் உடைத்த வளையல்கள்

எல்லோரும் சௌக்கியமா? இந்த மழைக்குச் சளி, இருமல் எதுவும் பிடிக்கவில்லையே? கேளம்பாக்கம் வெண்முகில் அடுக்ககத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அறுபத்திரண்டாம் மாடியில் பூரணிக்கு அன்று வளைகாப்பு. அவள் கணவன் சேது விடிந்ததிலிருந்து ஐந்து வகைச் சாதம் கிளறி வைத்திருந்தான். பத்து மணிக்கு விருந்தாளிகள் ஐவரும் வரிசையாக உருண்டு வந்தார்கள். ஆமாம், உருண்டுதான்! இடுப்பளவு உயரம், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை, அதில் அந்தந்த வீட்டுக்காரியின் சிரித்த முகம்.

அங்கே வீட்டுக்காரருக்குப் பதிலாகப் போய்வர வீட்டுக்கு ஒரு பதிலி இயந்திரம் உண்டு. பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்பது, மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகினால் சண்டை பிடிப்பது, பண்டிகைக்கு வாழ்த்துவது எல்லாம் அதன் வேலை. கதவுகளில் அழைப்புமணி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். பூரணி குடிவந்து நான்கு வருடமாகியும் அண்டைவீட்டு முகம் ஒன்றைக்கூடத் திரைக்கு வெளியே பார்த்ததில்லை. அம்மா இல்லாத பெண். நாத்தனாரோ செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில். இந்த ஐந்து பேர் கையாலாவது வளையல் ஏறட்டும் என்று ஆசைப்பட்டு அழைத்திருந்தாள்.

முதல் பதிலி இடுக்கியால் கண்ணாடி வளையலைப் பிடித்து அவள் கையில் தள்ளியது. படக்! "மன்னிக்கவும், மறுபடி முயல்கிறேன்." படக்! இரண்டாவது பதிலியும் அதையே செய்தது.

"பூரணி, பேசாம ரப்பர் வளையல் வாங்கிரலாமா?" என்றான் சேது.

"நீ சும்மா இரு. இதுங்களுக்கு வாழ்த்தத்தான் தெரியும், கைய அமுக்கிப் போடத் தெரியல."

நல்ல நாளில் வளையல் உடைந்தால் யார் மனசு தாங்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதி வளையல்களையும் சாதக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எதிர்வீட்டுக் கதவில் கரண்டியால் டொக் டொக்!

"யாரு? எதுன்னாலும் என் பதிலிகிட்ட சொல்லுங்க!"

"அது எங்க வீட்லதான்க்கா இருக்கு. என் வளையல ஒடச்சிக்கிட்டு!"

கதவு திறந்தது. பஷீரா, கையெல்லாம் மாவு. "அல்லாவே, மாசமா இருக்கியா? அது சொல்லவே இல்லையே! நான் வரேன்னு அதுவே சொல்லிடுச்சா? சரி, நில்லு, கையக் கழுவிட்டு வரேன்."

அப்புறம் கேட்க வேண்டுமா! இருவரும் சேர்ந்து அடுத்த கதவைத் தட்ட, மூவராகி அதற்கடுத்ததை, நால்வராகி அதற்கும் அடுத்ததைத் தட்ட, நடைபாதை முழுக்கச் சிரிப்பும் சத்தமும். இன்னும் ஒருத்தி வந்தால் வளைகாப்புக்கு ஐந்து பெண்கள்.

கடைசிக் கதவைப் பாதிதான் திறந்தாள் குமுதவல்லி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"அந்த மிஷினுக்கு என்னம்மா தெரியும், வரேன்னு சொல்லிடுச்சு. எங்க வீட்டுக்காரர் போயி மூணு வருஷமாச்சு. நான் போடக் கூடாது."

"அது வரேன்னது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் பூரணி.

"போன வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன் வரலன்னு மாத்திச் சொல்லல?"

குமுதவல்லி தலை குனிந்தாள். "சொல்ல மனசு வரலம்மா."

"என்னையப் பாருங்க," என்றாள் பஷீரா. "எங்க வீட்டு மனுஷரும் போயி ஏழு வருஷமாச்சு. கூப்பிட்டா, வந்துட்டேன்!"

பூரணி வளையலை நீட்டி, கையையும் நீட்டினாள். "இங்கயே, வாசல்லயே போட்டுவிடுங்கக்கா."

குமுதவல்லி கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு பூரணியின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கணுக்களை மெல்ல அமுக்கினாள். பச்சை வளையல் சறுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. மற்றவர்கள் குலவையிட்டார்கள். அவள் மட்டும் பிடித்த கையை விடவில்லை.

"இன்னொண்ணு இருக்காம்மா?" என்றாள்.

நீங்கள் எப்போதாவது பழகாத அண்டைவீட்டுக் கதவை உங்கள் கையாலேயே தட்டியிருக்கிறீர்களா? திறந்தது யார், என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் எனக்கு எழுதுங்கள்.