மூன்றாவது லைன்

சடையங்குப்பம் சாலையில் ஜெரின் பைக்கை நிறுத்தியபோது மதியம் மூன்று மணிதான். ஆனாலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. எண்ணூர்ப் பக்கம் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. காற்று அடியோடு நின்றுபோய், மணலி ஆலைகளின் வாடையும் ஓடைச் சேற்றின் வாடையும் கலந்து மூக்கை விடமாட்டேன் என்றன. மழைக்கு முன்னால் அந்த இடம் இப்படித்தான் நாறும். அங்கே பிறந்தவர்கள் வானிலை அறிக்கை கேட்பதில்லை.

எதிரே கன்டெய்னர் யார்டு. ஐந்தடுக்காக இரும்புப் பெட்டிகள், நடுவில் பழைய மாடிக் கட்டிடம் ஒன்று. அதன் சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கறுப்புக் கோடு ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளம் நின்ற உயரம் அது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கோடு மறுபடி வெளியே வந்துவிடுகிறது. ஜெரின் அதைப் பார்க்காமல் உள்ளே போனான். இனி இந்தக் கட்டிடத்தில் கால் வைப்பதில்லை என்று இருந்தவன்தான். வேலை கூப்பிட்டது, வந்துவிட்டான். நம்மில் பலருடைய சபதமும் அந்த மட்டில்தான் இருக்கிறது.

கீழே ஆபீஸில் டோரதி மட்டும் இருந்தார். காசிமேட்டுக்காரர், ஐம்பது வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“வாப்பா தம்பி. போன வாரம் ரெண்டு நெட்டும் ஒரேடியா பூட்ச்சு. நாப்பது டிரெய்லர் ரோட்ல நின்னுகினு, டிரைவருங்க என்னப் போட்டு பேஜார் பண்ணிட்டானுங்கோ. இன்னிக்கு முடிச்சுக் குடுத்துட்டுத்தான் நீ போவணும்.”

“முடிச்சிடலாம் மேடம். யாசின் வெளிய கேபிள் பாத்துகினு கீறான்.”

“அந்த மூணாவது லைன் செத்துப் போச்சுன்னு வாட்ச்மேன் சொல்றாரே?”

ஜெரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினான்.

மேலே ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவர் முழுக்கத் தகரம் அடித்திருந்ததால் மொபைல் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. போன் பேச வேண்டுமென்றாலும் ஆபீஸ் வைஃபையில் வாட்ஸ்அப் வழியாகத்தான் பேச வேண்டும்.

அவன் கொண்டுவந்திருந்தது ஒரு ஃபயர்வால் ரவுட்டர். நோட்டுப் புத்தக அளவுதான் இருக்கும். மூன்று இன்டர்நெட் லைன்களையும் தன்னிடம் வாங்கிக்கொண்டு, ஆபீஸின் வேலையை மூன்றுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். முதல் லைனுக்குப் பாதி, இரண்டாவதற்கு முப்பது சதவீதம், மூன்றாவதற்கு இருபது என்று ஜெரின் எழுதினான். ஐந்து வினாடிக்கு ஒருமுறை அது ஒவ்வொரு லைன் வழியாகவும் வெளியே குரல் கொடுத்துப் பார்க்கும். பதில் வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு காட்டி, அந்த லைனின் பங்கை மற்றவற்றுக்கு மாற்றிவிடும். எது அறுந்தாலும் வேலை நிற்காது.

முதல் லைன் பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவது சிவப்பு. அது சிவப்பாகத்தான் இருக்கும்.

அந்த லைன் அறுந்தது வெள்ளத்தன்று. யார்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கரையில், ஆள் ஆழத்துக்குச் சிமெண்டு கட்டிய கேபிள் குழி ஒன்று இருக்கிறது. சேம்பர் என்பார்கள். அன்றைக்கு அதற்குள் இறங்கியிருந்தவன் வெற்றி. புளியந்தோப்புக்காரன், ஜெரினிடம் நாலு வருஷம் வேலை பார்த்தவன். ஜெரின் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போனில் வெற்றி கேட்டான்.

“ணா, தண்ணி ஏறுது. மேல வர்ட்டா?”

“அஞ்சு நிமிஷம் இருடா. லைன் வந்துடட்டும்” என்றான் ஜெரின்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது வெற்றியை அந்தக் குழிக்குள்ளேயே கண்டெடுத்தார்கள். அறுந்த கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரு கைக்குள் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தானாம். விரல்களைப் பிரிக்க முடியவில்லையாம். கேட்டவர்களிடமெல்லாம் ஜெரின் ஒரே பதிலைச் சொன்னான்: நான் மேல வரத்தான் சொன்னேன், அவன் கேக்கல. வெற்றியின் அம்மாவிடமும் அதையே சொன்னான். அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னா பண்ணுவ நைனா” என்று அழுதார். அன்றிலிருந்து ஜெரினுக்கு நல்ல தூக்கம் இல்லை.

இப்போது அதே குழியில் யாசின் இறங்கியிருந்தான். தண்டையார்பேட்டைக்காரன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். மழை வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று ஜெரின் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு, அனுப்பியும் விட்டான்.

போனில் கூப்பிட்டான். “யாசின், எப்படி கீது?”

“ஒரே கலீஜா கீது மாமு. முட்டி வரைக்கும் சேறு. மூடியே தொறக்க மாட்டேன்ட்டுச்சு. இப்பதான் கேபிள் கையில சிக்கிச்சு.”

“வானம்?”

“கறுத்துகினு கீது. அரை அவர்ல முடிச்சிட்றேன்.”

ஜெரின் திரையைப் பார்த்தான். மூன்றாவது லைன் பச்சையாகியிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டேய், அரை அவர்னு சொல்லிட்டு அதுக்குள்ள ஜாயிண்ட் போட்டுட்டியா! லைன் வந்துடுச்சு.”

மறுமுனையில் சேற்றில் கால் மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

“இன்னா மாமு சொல்ற? நான் இன்னும் ஒண்ணுமே பண்ணல. ஒரு முனை இந்தக் கையில கீது, ஒரு முனை அந்தக் கையில கீது.”

ஜெரினின் சிரிப்பு நின்றது.

“நல்லாத் தள்ளிப் பிடி.”

“தள்ளித்தான் கீது.”

பச்சை மாறவில்லை.

புதுப் பெட்டிதானே, ஏதோ கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவன் லைன்களின் கணக்கைத் திறந்து பார்த்தான். மற்ற இரண்டு லைன்களிலும் பதில் வருகிற நேரம் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் ஒரே எண். பூஜ்யம். கேட்பதற்கு முன்பே யாரோ வாசலில் தயாராக நிற்பதுபோல உடனுக்குடன் பதில் வந்துகொண்டிருந்தது.

அவன் எழுதிய பங்கும் மாறியிருந்தது. மூன்றாவது லைனுக்கு இருபது என்று எழுதியது இப்போது முப்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்து நான்கு.

அறைக்குள் சேற்று வாடை வந்தது.

வெறும் சேறு அல்ல. எண்ணெய் மிதக்கிற வெள்ளத்தின் வாடை. இரண்டு வருஷமாக எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தும் அவன் மறக்க முடியாத வாடை.

தகரத்தின் மேல் முதல் துளிகள் விழுந்தன. பிறகு எண்ண முடியாமல் விழுந்தன.

“யாசின், வேலைய வுட்டுடு. நீ உடனே...”

இடி இறங்கியது. முதல் லைன் சிவப்பானது. பேச்சு அறுந்து, இரண்டாவது லைன் வழியாகத் திரும்பி வந்தது. “இன்னா சொன்ன மாமு? கேக்கல, காதுல மழைதான்...” அதற்குள் இரண்டாவதும் சிவப்பு. போன் திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. எது அறுந்தாலும் பேச்சு நிற்கக் கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தானே.

மூன்றாவது லைனில் நூறு சதவீதம்.

போனில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் இல்லை. மூடின இடத்தில், மெல்ல மெல்ல உயர்ந்து வருகிற தண்ணீர்.

“யாசின்?”

யாரோ மூச்சு விட்டார்கள்.

“யாசின், பேசுடா.”

“ணா.”

யாசின் அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“ணா, தண்ணி ஏறுது. மேல வர்ட்டா?”

ஜெரினின் கை தானாகவே போய் மூன்றாவது கேபிளைப் பிடித்தது. பிடுங்கி எறிந்தால் இந்தக் குரல் போய்விடும். ஆனால் யாசினிடம் போகிற வழியும் இப்போது இது ஒன்றுதான். கீழே ஓடி, யார்டைத் தாண்டி, சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போவதற்குள் அந்தக் குழி நிறைந்துவிடும். போன தடவை நான்கு நிமிஷத்தில் நிறைந்தது. யாசின் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, குனிந்து, கேபிளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஓடைத் தண்ணீர் வருவது அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற குழாய் வழியாக.

“மேல வர்ட்டாணா?”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் ஜெரின் தாங்கியிருப்பான். கோபம் இல்லை. வெறுமனே அனுமதி கேட்கிற குரல். அன்றைக்குக் கேட்டது போலவே மரியாதையாக, நம்பிக்கையாக, குளிரில் பல் தந்தியடிக்கக் கேட்டது.

ஜெரின் கேபிளிலிருந்து கையை எடுத்தான்.

“வா!” என்று கத்தினான். “மேல வா! எல்லாத்தையும் போட்டுட்டு மேல வந்துடு! யாரா இருந்தாலும் மேல வந்துடு!”

தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

“சரிணா.”

பேச்சு அறுந்தது. மூன்றாவது லைன் சிவப்பானது. இப்போது மூன்றும் சிவப்பு.

கீழே ஓடலாம் என்று எழுந்தான். குழி நிறைந்திருந்தால் இனி ஓடியும் பயனில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாசினின் சின்னப் பெண் போன ரம்ஜானுக்கு வீட்டுக்கு வந்து தன் கையால் சேமியா கொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்தக் குழந்தையிடம் போய் இன்னொரு பொய் சொல்ல அவனிடம் தெம்பில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியாது. முதல் லைன் பச்சையானது. உடனே போன் அடித்தது.

“மாமு...” யாசின் குரல்தான். மூச்சு வாங்கியது. “டீக்கடையில கீறேன். நல்லாத்தான் கீறேன்.”

ஜெரின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“நீ கத்துனது காதுல வுழுந்துச்சு. இன்னா ஏதுன்னு பாக்காம ஏறிட்டேன். மேல வந்து திரும்புனா குழி பூரா தண்ணி மாமு. ஒரு நிமிசம் லேட்டாயிருந்தா, என் பொண்ணுங்கோ...”

ஜெரின் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதான். சொல்லிவிட்டோம், இந்தத் தடவை சொல்லிவிட்டோம் என்று அழுதான். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் அசைந்தது போலிருந்தது.

“மாமு, ஒண்ணு கேக்கறேன். குழிக்குள்ள வேற யாரையாச்சும் அனுப்பிச்சியா?”

“இல்லையே. ஏன்?”

“என் பின்னாலயே ஒருத்தன் ஏறி வந்தான். உள்ள நான் ஒருத்தன்தான் இருந்தேன், சத்தியமா. மேலெல்லாம் எண்ணெய், கறேல்னு. ஒரு கைய இறுக்க மூடிகினு இருந்தான். யாருடா நீன்னு கேட்டேன். ‘அண்ணன் கூப்ட்டாரு’ன்னான். திரும்பிக்கூடப் பாக்காம யார்டு பக்கமா நடந்து பூட்டான்.”

“எப்ப?”

“பத்து நிமிசம் இருக்கும்.”

அரை கிலோமீட்டர். மழையில் நடந்தாலும் பத்து நிமிஷம் போதும்.

ஜெரின் திரையைப் பார்த்தான். மூன்றாவது லைன் பச்சையாக இருந்தது.

சேற்று வாடை இந்தத் தடவை கதவுப் பக்கமிருந்து வந்தது. கீழே நாற்காலி நகர்கிற சத்தம். டோரதி மாடிப் படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“தம்பி! உன்னாண்ட வேலை பாக்குற ஆளாம். தொப்பலா நனைஞ்சு வந்து நிக்குறான், பாவம்.”

ஜெரின் தரையிலேயே சுவரோரமாக நகர்ந்தான்.

“இன்னா தம்பி, காதுல வுழுதா? படியாண்டயே நின்னுகினு கீறான். மேல வர்ட்டான்னு கேக்குறான். இன்னா சொல்லட்டும்?”