மச்சானுக்கு ஒரு ஊசி!

ட்ர்ர்ரிங்!

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இன்டர்காம் அலறியது.

டெக்னீஷியன் பாய்ந்து எடுத்தான்.

"ஐ.சி.யூ.லருந்து நர்ஸ் பேசறேன். இங்கே ஒரு டெத்... டாக்டரம்மா உங்களைப் பார்க்கக் கீழே வந்துட்டிருக்காங்க!"

"யா... யாரு சிஸ்டர்?"

லைன் போய்விட்டது.

யாராக இருக்கும்? அவனுக்கா தெரியாது! ஒன்பதாம் பெட் பஸ் கண்டக்டர்.

கொன்றது... அவனேதான்!

ஐந்து நாளைக்கு முன்னால், ஒரே விஷக் காய்ச்சலோடு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஏழாம் பெட்டில் அவன் மச்சான். ஒன்பதில் கண்டக்டர். ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு ஊசி! எதிர்ப்புச் சக்தி வெறி பிடித்து சொந்த உடம்பையே கடிக்க ஆரம்பித்தால், அதை அடக்குகிற ஊசி. ரத்தத்தில் அந்த வெறியைக் காட்டுகிற 'ஐ.எல். சிக்ஸ்' அளவு நூறைத் தாண்டினவருக்குத்தான் போடுவார்கள்.

கண்டக்டருக்கு நூற்று எண்பது. மச்சானுக்கு வெறும் பதினெட்டு.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பிங்க... எப்படியாவது காப்பாத்துங்க!" அன்று காலையில்தான் மனைவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டான்.

அன்றிலிருந்து வராந்தாவில் கண்டக்டரின் மகள் எதிரே வந்தால், சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

கதவு திறந்தது.

காக்கிச் சட்டை... இன்ஸ்பெக்டர்!

"யோவ், ரிப்போர்ட் குடுக்கற ஆள் நீதானே?"

அவ்வளவுதான்!

"நான்தான் சார்! நான்தான் மாத்தி எழுதினேன்! மச்சானைக் காப்பாத்தப் போய் ஒரு அப்பாவியைக் கொன்னுட்டேன்!"

ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நான் என் சுகர் ரிப்போர்ட் வாங்க வந்தேன்யா!"

அவன் திரும்பினான்.

வாசலில் டாக்டரம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம்.

"கண்டக்டர் சாகலை," என்றார். "மறுநாள் வேற ஷிப்ட்ல திரும்பப் பார்த்தப்போ நம்பர் எகிறியிருந்துச்சு. பக்கத்து ஆஸ்பத்திரியிலருந்து ஊசி வாங்கிப் போட்டேன். பிழைச்சுக்கிட்டார்."

"அ... அப்போ செத்தது?"

"உங்க மச்சான்."

"ஐயோ! அவனுக்குத்தான் ஊசி போட்டீங்களே மேடம்!"

"அதனாலதான்! அவர் உடம்புல எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே ஓய்ஞ்சு கிடந்திருக்கு. உங்க நம்பரை நம்பி, மிச்சமிருந்ததையும் நானே அடக்கிட்டேன். வேற கிருமி உள்ளே புகுந்துடுச்சு. சும்மா விட்டிருந்தா... பிழைச்சிருக்கலாம்."

அவன் பாக்கெட்டில் செல்போன் துடித்தது. திரையில் மனைவி.

எடுக்கக் கை வரவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"நட! டாக்டர்... என் சுகரை வேற யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. இந்த ஆள் 'நார்மல்'னு எழுதியிருந்தாத்தான் எனக்குப் பயமே!"