நெஞ்சுப் படம்

கிழவரைச் சுவர்ப்பக்கம் பார்க்கும்படி ஒருக்களித்துத்தான் படுக்கவைத்திருந்தாள் கிரிஜா. எக்ஸ்ரே பிலிமில் மண்டையோடு நேராக அவளைப் பார்த்தது.

எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். மெல்பேர்னின் மேற்கே இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பகுதிக்கு அன்று அவள் ஒருத்திதான். பிலிம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிய, தொட்டியில் தண்ணீர் ஓயாமல் ஓட, மருந்தின் புளித்த வாடை தொண்டைவரை இறங்க, சொட்டச் சொட்ட நின்ற பிலிமைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கிழவர் கிரேக்கர், வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவர். சொன்னது விளங்காமல் அசைந்திருப்பார்.

தலையின் இரண்டு பக்கமும் மணல்பைகளை அண்டக்கொடுத்து மறுபடி எடுத்தாள். தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கண் வாங்காமல் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்.

இரண்டாவது பிலிமிலும் மண்டையோடு அவளைத்தான் பார்த்தது. வாய் திறந்திருந்தது.

மேலே டாக்டருக்குப் போன் செய்தாள். ஆளை ஒழுங்காகப் படுக்கவைத்து எடுக்கும்படி அலுப்போடு சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

கிழவரை வார்டுக்குக் கொண்டுபோன சற்று நேரத்தில், கணவன் சிறிதரன் சாப்பாட்டோடு வந்தான். நெடுநாள் பிரிவுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து போன மாதம்தான் வந்து சேர்ந்திருந்தான். வந்த நாள் தொட்டு இருமல். காசமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருவருக்குமே இருந்தது.

"ஏனப்பா, முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. உங்கட நெஞ்சை ஒருக்காப் படமெடுத்துப் பாப்பமே?"

"ஓம், எடும். நானும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்."

இருமலுக்காக மட்டும் அவள் கேட்கவில்லை. அவனுடைய படம் சரியாக வந்தால் மெஷினில் பிழையில்லை, கிழவர்தான் அசைந்தவர் என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கவைத்தாள். கைகளை இடுப்பில் ஊன்றச் சொன்னாள். நாடியைத் தொட்டு முகத்தை உயர்த்திவிட்டாள்.

"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ."

இருட்டறைக்குள் பிலிம் மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் விலா எலும்புகள். பிறகு இதயத்தின் நிழல். நுரையீரல் பழுதில்லை. காசமில்லை. கிரிஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கைகளைத் தேடினாள்.

பக்கவாட்டில் இல்லை. தோளோரத்திலும் இல்லை. விலா எலும்புகளின் நடுவே இருந்தன. இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து. பூட்டிய அறைக்குள் நிற்பவன் கதவைத் தள்ளுவதுபோல.

பிலிம் தொட்டிக்குள் நழுவி விழுந்தது.

வெளியே கதவில் சத்தம். தட்டவில்லை. தோளால் முட்டும் சத்தம்.

"கிரிஜா, இதை ஒருக்காத் திறவும். கை விறைச்சுப் போச்சுப் போல. பிடிக்க ஏலாமக் கிடக்கு."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவனுடைய குரல்தான்.

திறந்தாள்.

சிறிதரன் சிரித்தபடி நின்றான். தோளிலிருந்து இரண்டு கைகளும் உள்ளே ஒன்றுமில்லாத சட்டைக் கைகள்போலத் தொங்கின. வெறும் மேலில், நெஞ்சுத் தோல் விரல் விரலாகப் புடைத்து எழுந்திருந்தது. பத்தும்.

"என்ன பாக்கிறீர்?" என்று கேட்டான்.

தோலுக்கு அடியில், ஒரு விரல் மடங்கிச் சுரண்டத் தொடங்கியது.