மூடிப்பலகையில் ஒரு துருக்கோடு

ரெட்டியார்பாளையத்தில் முருகையன் காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, வினோதாவின் ஆட்டோவிலிருந்து அழுத முகத்தோடு ஒரு பெண் இறங்கினாள். முருகையன் முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்குச் சோதனை பார்த்து ஓய்வுபெற்றவர். வினோதாவுக்கு ஆட்டோ பிழைப்பு, துப்பறிவது பைத்தியம்.

"ஐயா, இது சங்கவி. குருசுக்குப்பத்துப் பொண்ணு. இன்னிக்கு மத்தியானத்தோட இவ வேலை போவப்போவுது. நீங்கதான் வந்து பாக்கணும்!"

சங்கவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "மேட்டுப்பாளையத்துல பிளைவுட் கெடங்கு ஆபீஸ்ல இருக்கேன்யா. மலேசியா, வியட்நாம் ரெண்டு நாட்டுலேர்ந்தும் பத்து வருஷமா எங்களுக்கு எவ்ளோ பலகை வந்துச்சுன்னு ஒப்பிட்டு எழுதச் சொன்னாங்க. மொதல்ல மலேசியாதான் அதிகம். நடுவுல ரெண்டும் சமம். இப்ப வியட்நாம் மூணு பங்கு. கப்பல் சீட்டெல்லாம் பாத்துதான் எழுதினேன். மொதலாளி கெடங்குல போய்ப் பாத்தா, எல்லாக் கட்டு மேலயும் மலேசியா முத்திரை. நான் பொய் எழுதிட்டேனாம். அப்பாவால இப்ப கடலுக்குப் போவ முடியல. என் சம்பளந்தான்யா வீட்டுக்கு."

முருகையன் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

கிடங்கில் முதலாளி சுப்பிரமணியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆளுயரக் கட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முரட்டு மூடிப்பலகை, அதில் மலேசிய முத்திரை. சுற்றிலும் பச்சைப் பிளாஸ்டிக் பட்டை. ஒரு மூலையில் ஊறி உப்பிய அட்டைகள் குவிந்து கிடந்தன.

"யாரோ வேணும்னே மாத்தி வெச்சிருக்கான்! பொறாமை புடிச்சவன்!" என்று வினோதா குதித்தாள்.

"செத்த சும்மா இரும்மா." முருகையன் மூடிப்பலகையைத் தடவினார். விரலில் செம்பொடி ஒட்டியது. பலகையின் குறுக்கே நேராக ஒரு துருக்கோடு. அண்ணாந்து பார்த்தார். கூரைத் தகரத்தில் புதிதாக ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

"ஏன் சார், பிளாஸ்டிக் பட்டை துருப்பிடிக்குமா?"

சுப்பிரமணியன் குனிந்து பச்சைப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பலகை ஒரு காலத்துல இரும்புப் பட்டை போட்ட வேற கட்டு மேல இருந்திருக்கு. இப்ப இது மேல உக்காந்திருக்கு. பட்டைய வெட்டுங்க, அடியில பாப்போம்."

வெட்டினார்கள். அடியில் இருந்த பலகையின் ஓரத்தில் வியட்நாம் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அடுத்த கட்டிலும் அப்படியே. சங்கவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாத்தினவன் யாரு?" என்று வினோதா துடித்தாள்.

"அதோ அந்த அட்டையப் பாரு. வியட்நாம் சரக்குக்கு மூடி வெறும் அட்டை. கூரை ஒழுகினா ஊறிடும். பழைய மலேசியக் கட்டோட மூடிய யாரோ தூக்கிப் போடாம சேத்து வெச்சு, அட்டைக்குப் பதிலா இதுங்க மேல போட்டிருக்காங்க. இதுல பொறாமை எங்கம்மா இருக்கு? அக்கறைதான் இருக்கு."

கட்டு அடுக்கும் அம்மாவாசை தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "நாந்தாங்க. போன மழையில மேலேர்ந்து ஊத்துச்சு. கனமான பலகையாப் பாத்துப் போட்டுக் கட்டினேன். எழுத்தையெல்லாம் யாரு பாத்தா? ஐயோ, என்னால பாப்பா வேலைக்கே ஒல வெச்சிட்டேனே!"

சுப்பிரமணியன் கட்டுக்கட்டாகத் தடவிப் பார்த்தார். ஒரு பலகைகூட உப்பியிருக்கவில்லை. "நான் பாட்டுக்கு ஆபீஸ்ல உக்காந்திருந்தேன். நீ என் சரக்கைக் காப்பாத்தியிருக்க. என்கிட்ட சொல்லக்கூட இல்லியே அம்மாவாசை!" பிறகு சங்கவியிடம் திரும்பினார். "உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன். மன்னிச்சுக்கம்மா. அறிக்கையை அப்படியே அச்சுக்குக் குடு."

"அப்படியே வேணாம் சார். மொதல் பக்கத்துல நன்றின்னு ஒரு எடம் இருக்கு. முருகையன் ஐயா, வினோதா அக்கா பேரு போடணும்."

"என் பேரு வேணாம்," என்றார் முருகையன்.

"என் பேரைப் போடு!" என்றாள் வினோதா.

சங்கவி சிரித்தாள். அழுத கண் இன்னும் காயவில்லை. அம்மாவாசையின் செம்பொடி படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கும் மேல உங்க பேருண்ணே. நீங்க காப்பாத்தினதாலதான் நான் எழுதின பலகை அத்தனையும் இன்னும் பலகையா இருக்கு."