நிழல் பக்கத்துப் பனி

அப்பாவுக்கு அன்று பிறந்தநாள். எங்காடின் என்ற பனிமலைப் பள்ளத்தாக்கின் மேல்முனையில், மலையேறுபவர்கள் தங்கும் விடுதியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்காகச் செய்த வால்நட் கேக், பதினொரு வயது அய்த்தாவின் முதுகுப் பையில் இருந்தது. அவளும் அம்மாவும் அண்ணன் கூர்டினும் காலில் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் தொடக்கம். இரண்டு நாள் காற்றும் பனியுமாகக் கொட்டி, அன்றுதான் ஓய்ந்திருந்தது.

வெயிலே படாத செங்குத்தான வடக்குச் சரிவின் ஓரத்துக்கு வந்தார்கள். அதைக் குறுக்கே கடந்தால் அரை மணியில் விடுதி. முன்னே மூன்று பேர் கடந்துபோன தடமும் தெரிந்தது.

அய்த்தா நின்றுவிட்டாள்.

“என்ன, கால் வலிக்குதா?” என்றான் கூர்டின். “கேக்கை என்கிட்ட குடு. பாதியைக் கையில தூக்கிக்கிறேன், மீதியை வயித்துல.”

“கால் வலிக்கல அண்ணா. இது நிழல் பக்கம்தானே?”

“அதுக்கென்ன?”

“அக்டோபர்ல விழுந்த பனி வெயில் பக்கம் கரைஞ்சுபோச்சு. எங்க ஸ்கூலுக்குப் பின்னாடி நிழல்ல மட்டும் அப்படியே கிடந்துச்சு. அதை அள்ளிப் பந்தா உருட்டிப் பிடிக்கப் பாத்தேன், முடியல. சர்க்கரை மாதிரி உதிருது. அதே பனி இங்கேயும் அடியில கிடந்தா? அதுமேலதானே இந்தப் புதுப்பனி உக்காந்திருக்கு? நாம கால் வச்சா மொத்தமா சரிஞ்சு வந்துடாதா?”

“உனக்குப் பந்து பிடிக்கத் தெரியலைன்னு சொல்லு. மூணு பேர் போயிருக்காங்க பாரு. சரிஞ்சுதா?”

“நாலாவது ஆளுக்கும் சரியாதுன்னு யார் சொன்னா?”

அம்மா சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோண்டிப் பாக்கலாம்மா,” என்றாள் அய்த்தா. “சரிவுல வேணாம். இந்தச் சின்ன மேட்டுல. இதுவும் வடக்குப் பக்கம்தான்.”

அம்மா தன் பையில் கட்டியிருந்த, பனி வாரும் மண்வெட்டியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அய்த்தா தரை தெரியும்வரை தோண்டினாள். மேலே காற்று அடித்து இறுக்கிய கெட்டிப் பனி. அடியில் விரல் பட்டதும் மணிமணியாகக் கொட்டியது. மண்வெட்டி அகலத்துக்குப் பனியைத் தூண்போல் வெட்டி நிறுத்தினாள். அதன் தலையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டலில், மேல்பாதி முழுசாக வழுக்கிக்கொண்டு வந்து அவள் முழங்காலில் மோதியது.

கூர்டின் குனிந்து அடிப்பனியை அள்ளினான். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். பந்து வரவில்லை.

“எனக்கும் பிடிக்கத் தெரியல,” என்றான் மெதுவாக.

“காட்டு வழியா சுத்திப் போவோம்,” என்றாள் அம்மா. “ரெண்டு மணி நேரம் கூட ஆகும். ஆகட்டும்.”

அப்போது கீழிருந்து ஓர் ஆணும் பெண்ணும் ஏறி வந்தார்கள். தடத்தைப் பார்த்ததும் நேராகச் சரிவை நோக்கித் திரும்பினார்கள்.

“அங்க போகாதீங்க,” என்று கூர்டின் கையை நீட்டி மறித்தான். “அடிப்பனி உதிருது.”

“யார் சொன்னது, தம்பி?” என்றார் அந்த ஆள்.

“என் தங்கச்சி.”

அவர் அய்த்தாவை ஏற இறங்கப் பார்த்தார், சிரிக்கப் போனார்.

“சிரிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் குழியைப் பாருங்க,” என்றான் கூர்டின். “அவளே தோண்டினது.”

இருவரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் அடிப்பனியை விரலால் கிளறினாள். அவள் முகம் மாறியது.

“நாங்க உங்ககூடவே வரலாமா?” என்று அம்மாவிடம் கேட்டாள்.

“இவளைக் கேளுங்க,” என்றாள் அம்மா. “அய்த்தா, நீ முன்னால போம்மா.”

மரங்களுக்கிடையே யார் காலும் படாத புதுப்பனி. அய்த்தா தடம் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தத் தடத்திலேயே நான்கு பேர் வரிசையாகப் பின்னால் வந்தார்கள்.